பழைய கணப்பில் கொல்லர் அடித்த இரும்பை எப்படி வைப்பது?

கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் சசெக்ஸில் பதினேழாம் நூற்றாண்டு வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கூடத்தின் ஒரு சுவரை முழுவதும் விழுங்கிக்கொண்டு நிற்கிறது, ஆள் உள்ளே நுழைந்து உட்காரக்கூடிய செங்கல் கணப்பு. ஏலத்தில் ஒரே குவியலாகச் சில இரும்புச் சாமான்களும் கிடைத்திருக்கின்றன: விறகு தாங்கி ஒரு ஜோடி, கணப்பின் பின்சுவரில் சாய்த்து வைக்கும், 1636 என்று பொறித்த பின்தகடு, பானை தொங்கவிடும் பல் வைத்த கொக்கி, கெண்டியைச் சாய்க்கும் விசித்திரமான கம்பி ஒன்று, மெழுகுவர்த்தித் தாங்கிகள் ஏழு. ஏழில் ஒன்று சுருள்கம்பியாக இருக்கிறது. இரண்டில் மெழுகுவர்த்தி நிற்கும் குழியே இல்லை, இடுக்கி மாதிரி வாயைத் திறந்துகொண்டிருக்கின்றன. எது கையால் அடித்தது, எதை எங்கே வைப்பது, துருவை என்ன செய்வது, அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைக் குத்துவிளக்கு இந்தக் கறுப்புக் கூட்டத்தில் சேருமா என்று படங்களோடு கேட்டிருக்கிறீர்கள்.

நான் உலோகவியல் படித்தவன். ஓய்வு பெற்ற பிறகுதான் வார இறுதிகளில் ஒரு கொல்லர் பட்டறைக்குப் போய்ச் சம்மட்டி பிடிக்கக் கற்றேன். ஆகவே வீட்டலங்காரக்காரர்களின் மென்மையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். முதல் வேலையாக, பன்னிரண்டு சாமான்களில் மூன்றை எடுத்துப் பெட்டியில் போடுங்கள். அடித்த இரும்பு கோலம் மாதிரி: கோடு எவ்வளவு முக்கியமோ, கோட்டைச் சுற்றி விட்ட வெறும் தரையும் அவ்வளவு முக்கியம். ஒரு கோலத்தின் மேல் இன்னொன்றைப் போட்டால் இரண்டும் தெரியாது. கடைகளில் ஒரே சுவரில் பதினைந்து இருபது இரும்பை மாட்டி வைத்திருப்பது விற்பதற்காக. வீட்டில் அப்படி மாட்டினால் கருவிக் கொட்டகை போலத்தான் இருக்கும்.

எந்த மூன்றை எடுப்பது என்பதற்கு இரும்பைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

கொல்லர் அடிக்கும் இரும்புக்குத் தமிழில் தேனிரும்பு என்று அருமையான பெயர் உண்டு. பள்ளிப் பாடநூலில் படித்தபோது எனக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியவில்லை. வெள்ளைச் சூட்டில் அதைப் பட்டடையில் வைத்து அடித்த அன்றுதான் புரிந்தது. பாகு மாதிரி இழுபடுகிறது. அதில் கரிமம் பெரும்பாலும் 0.1 விழுக்காட்டுக்கும் கீழேதான். கூடவே ஓரிரு விழுக்காடு கசடு, நார் நாராக இரும்புக்குள் நீண்டு கிடக்கும். முறித்துப் பார்த்தால் மரச்சிராய் போலப் பிரியும். வார்ப்பிரும்பு இதற்கு நேர் எதிர். கரிமம் 2 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். உருக்கி அச்சில் ஊற்றலாம், ஆனால் சம்மட்டியால் அடித்தால் உடையும். இவை இரண்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டால், ஏலக்காரர் எழுதியிருந்த சீட்டில் பாதி தப்பு என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு கசப்பான உண்மை. இன்று கடைகளில் ‘ராட் அயர்ன்’ என்று, தேனிரும்பின் ஆங்கிலப் பெயரில், விற்கப்படுவதில் ஏறத்தாழ எதுவுமே தேனிரும்பு அல்ல. ஹென்றி கோர்ட் 1784-இல் காப்புரிமை பெற்ற உலை முறையில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் மலைமலையாகத் தேனிரும்பு செய்தார்கள். 1889-இல் திறந்த ஈஃபில் கோபுரமே அந்த வகை இரும்புதான். 1856-இல் பெசெமர் முறை வந்து மலிவான எஃகு பெருகியதும் அதன் காலம் சரியத் தொடங்கியது. பிரிட்டனில் வணிக அளவில் அதைச் செய்துவந்த கடைசி ஆலை, போல்டன் நகரில் இருந்தது, 1973-இல் நின்றுபோனது. அதற்குப் பிறகு கொல்லர்கள் அடிப்பது மைல்டு ஸ்டீல் என்ற கரிமம் குறைந்த எஃகு. அல்லது பழைய வேலிக் கம்பிகளையும் சங்கிலிகளையும் மறுபடி உருட்டி எடுத்த இரும்பு. இதனால் மைல்டு ஸ்டீலில் அடித்த மெழுகுவர்த்தித் தாங்கி மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல கொல்லர் கையில் அதுவும் அழகாகத்தான் வரும். ஆனால் ‘பதினெட்டாம் நூற்றாண்டு’ என்று சொல்லி விலை கேட்டால், இரும்பின் நாரைக் காட்டச் சொல்லலாம். வெளியே நெடுநாள் நனைந்து துருப்பிடித்த பழந்துண்டுகளில் அது மரத்தின் ரேகை போலக் கண்ணாலேயே தெரியும்.

கையால் அடித்ததா என்று பார்க்க நான் முதலில் கம்பியின் பருமனைத்தான் தடவிப் பார்ப்பேன். கொல்லர் இரும்பை இழுப்பார், குறுக்குவார், தட்டையாக்குவார். ஆகவே ஒரே கம்பி அடியில் பருத்தும் நுனியில் ஒடுங்கியும் போகும். சுருள் முடியும் இடத்தில் மீன்வால் போல விரியும். கடையில் வாங்கிய கம்பியை வளைத்து ஒட்டியதில் இந்த மூச்சு இருக்காது, தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே பருமன். அடுத்தது மூட்டுகள். பழைய வேலையில் தறையாணி இருக்கும், அல்லது இரண்டு கம்பிகளைச் சேர்த்து இறுக்கிய பட்டை இருக்கும், அல்லது இரு துண்டுகளையும் வெள்ளைச் சூட்டில் அடித்து ஒன்றாக்கிய, பார்த்தால் எளிதில் தெரியாத ஒட்டு இருக்கும். மின்வெல்டிங்கின் புழு நெளிந்த மாதிரியான கோடு தெரிந்தால் அந்த மூட்டு இருபதாம் நூற்றாண்டுக்கு முந்தியதல்ல.

சுத்தியல் தழும்பைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். உடம்பெல்லாம் பள்ளம் பள்ளமாக இருந்தால் கையால் அடித்தது என்று நம்பிவிடுகிறார்கள். பழைய கொல்லருக்குத் தழும்பு விட்டுவைப்பது வெட்கக்கேடு. அடித்த சுவடு தெரியாமல் கடைசியில் தட்டிச் சமன்செய்து, வேண்டிய இடத்தில் அரமும் போடுவார். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் மெல்லிய அலைகள் தெரியும். தழும்பைக் கைவேலையின் அடையாளமாகக் காட்டுவது, இயந்திரத்துக்கு எதிர்ப்பாகக் கைவேலையைக் கொண்டாடிய பிற்காலத்து ரசனை. இன்றைக்கு அந்தத் தழும்புகளையே உருளை இயந்திரம் அச்சடித்துக் கொடுக்கிறது. ஒரே பள்ளம் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். உங்கள் படத்தில் நான்காவதாக இருக்கும் மூன்று கிளைத் தாங்கி அப்படித்தான் தெரிகிறது. அது பெட்டிக்குள் போகட்டும்.

இப்போது அந்தப் பின்தகடு. அது அடித்தது அல்ல, வார்த்தது. பின்தகடுகள் எல்லாமே வார்ப்புதான். நீங்கள் இருக்கும் பகுதியே அதற்குப் புகழ்பெற்ற ஊர். வீல்டு என்று அழைக்கப்படும் அந்தக் காட்டுப் பகுதியில்தான், ஆஷ்டவுன் காட்டில், பிரிட்டனின் முதல் ஊதுலைகளில் ஒன்று 1496-இல் எழுந்தது. மரக்கரியை எரித்து இரும்பு உருக்கிய அந்த உலைகளில் கடைசியானது, ஆஷ்பர்ன்ஹாம் உலை, 1813-இல் அணைந்தது. பீரங்கியும் பின்தகடும் ஒரே உலையிலிருந்து வந்த காலம் அது. உங்கள் தகட்டில் சுத்தியலோடு ஓர் ஆள், அருகில் நாய், உலை, கருவிகள், 1636 என்ற ஆண்டு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பிரீட் உலையின் வார்ப்பாளர் ரிச்சர்டு லெனர்டு தன்னையே வார்த்துக்கொண்ட தகட்டின் வடிவம். வீல்டின் மிகப் புகழ்பெற்ற பின்தகடு அது. அந்தப் புகழாலேயே அதை நிறையப் பேர் நகலெடுத்து வார்த்திருக்கிறார்கள். மூலத்தை மணலில் அழுத்தி அச்செடுத்து வார்த்தால் இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சுருங்கும். நகல் கொஞ்சம் சிறியதாகவும் எழுத்து மழுங்கியும் இருக்கும். உங்களுடையதில் முகமே தெரியவில்லை என்கிறீர்கள். நூற்றாண்டுக் கணக்கில் நெருப்பு தின்றதாலும் அப்படி ஆகலாம், ஆனால் ஓரங்களும் முதுகுப் பக்கமும் புதிதுபோல் இருந்தால் நகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். லூயிஸ் நகரின் ஆன் ஆஃப் கிளீவ்ஸ் இல்லத்தில் வீல்டு இரும்புத் தொகுப்பு இருக்கிறது. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

நகலானாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். பின்தகட்டுக்கு இரண்டு வேலை. பின்சுவர்ச் செங்கல் வெந்து உதிராமல் காப்பாற்றும். சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு கூடத்துக்குத் திருப்பித் தரும். இரண்டையும் நகலும் செய்யும். பின்சுவரில் ஒட்டினாற்போல் சாய்த்து, நடுவில் வையுங்கள். சிமெண்டு வைத்துப் பூசிவிடாதீர்கள். இரும்பு விரியும், விரிய இடமில்லாமல் போனால் விரிசல் விடும்.

விறகு தாங்கிகள்தான் உங்கள் கணப்பின் நாயகர்கள். ஆங்கிலத்தில் ‘தீ நாய்’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களும் நாயிலிருந்து பிறந்த சொல்லையே வைத்திருக்கிறார்கள். முன்னங்கால் ஊன்றி, வாலை நீட்டிக்கொண்டு தீக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் காரணம் கேட்கத் தோன்றாது. உங்கள் ஜோடியின் முன்காலில் வெவ்வேறு உயரத்தில் கொக்கிகள் இருக்கின்றன. இறைச்சி வாட்டும் கம்பி அவற்றில் கிடந்து சுழன்றிருக்கிறது. ஆகவே அவை சமையற்கட்டு நாய்கள். தலையில் பித்தளைக் குண்டு வைத்த பகட்டு ஜாதி அல்ல. எனக்கு இந்த எளிய ஜாதிதான் பிடிக்கும். வால் பின்தகட்டைத் தொடும் அளவுக்குப் பின்னால் தள்ளி, நீங்கள் எரிக்கும் கட்டையின் நீளத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி விட்டு வையுங்கள். நிறையப் பேர் இவற்றைக் கணப்பின் விளிம்பில், வாசற்காவலர் மாதிரி, இரண்டு பக்கமும் தள்ளி வைக்கிறார்கள். விறகைத் தாங்காத விறகு தாங்கி எங்கே நின்றாலும் அந்நியமாகத்தான் தெரியும்.

சாம்பலை முழுக்க வாரிவிடாதீர்கள். விறகுத் தீக்கு இரண்டு விரற்கடைச் சாம்பல் மெத்தை வேண்டும். அதில்தான் தணல் உயிரோடு இருக்கும். நிலக்கரிக்குத்தான் அடியிலிருந்து காற்று தேவை, அதற்குத்தான் கம்பிக்கூடை. உங்கள் கணப்பு நிலக்கரிக்கு முந்தியது, கூடை வாங்கிச் செருகத் தேவையில்லை. இங்கிலாந்தில் வீட்டு நிலக்கரி விற்பனையும் 2023 மே முதல் தேதியோடு முடிந்துவிட்டது. சிறு அளவில் விற்கும் விறகும் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். புகைபோக்கியைத் துடைத்துப் பரிசோதிக்காமல், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மாட்டாமல் முதல் தீயை மூட்டாதீர்கள்.

பல் கொக்கி பற்றி உற்சாகமாகக் கேட்டிருக்கிறீர்கள். பானையைப் பல் பல்லாக ஏற்றி இறக்கித் தீயின் வேகத்தை அடக்கும் கருவி அது. அந்தக் காலத்து அடுப்புக்குத் திருகு இல்லாத குறையை அதுதான் தீர்த்தது. கெண்டி சாய்க்கும் கம்பிக்கு ஆங்கிலப் பெயரின் பொருளே ‘சோம்பல் முதுகு’. கொதிக்கும் கெண்டியைத் தீயிலிருந்து எடுக்காமல், கையில் கரி படாமல், நெம்பை அழுத்தினால் மூக்கு சாய்ந்து தண்ணீர் ஊற்றும். என் பார்வையில் உங்கள் குவியலிலேயே மிக அழகான பொருள் இதுதான். ஒரு வேலைக்காக ஒரு கொல்லர் யோசித்த யோசனை முழுவதும் அந்த வளைவில் இருக்கிறது. பல் கொக்கி, அதன் கீழே சோம்பல் முதுகு, அதில் ஒரு கறுத்த கெண்டி. கணப்பின் உட்பகுதிக்கு இது போதும். கரண்டி, சல்லடைக் கரண்டி, ரொட்டி வாட்டி என்று வரிசையாக ஆணியடித்து மாட்டும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஆணி என்றதும் ஓர் எச்சரிக்கை. 1700-க்கு முன் கட்டி ஓரளவு பழைய நிலையிலேயே இருக்கும் வீடுகள் ஏறக்குறைய எல்லாமே இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கின்றன. கணப்புக்குள் சுவரோடு பதித்த சுழல்கை, பழைய கொக்கி ஆகியவையும் கட்டடத்தின் பகுதிதான். அவற்றைக் கழற்றுவதற்கும் புதிதாகத் துளைத்துப் பதிப்பதற்கும் உள்ளாட்சியின் முன்ஒப்புதல் தேவைப்படலாம். ஒப்புதலின்றி மாற்றினால் குற்றவழக்கு வரை போகும். அந்தக் குறுக்கு உத்தரத்தில் ஏற்கெனவே இருக்கும் துளையையே பல் கொக்கிக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மெழுகுவர்த்திகளுக்கு வருவோம். குழியில்லாத அந்த இரண்டு இடுக்கிகளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவை மெழுகுவர்த்திக்கானவையே அல்ல. ஏழை வீட்டு விளக்கு அது. கோரை போன்ற ரஷ் என்ற புல்லை அறுத்து, ஊறவைத்து, தோலை உரித்து, நடுத்தக்கை தாங்குவதற்கு ஒரு நூலிழைத் தோலை மட்டும் விட்டு, காயவைத்து, சமையலில் மிஞ்சிய கொழுப்பில் முக்கி எடுப்பார்கள். அதை இடுக்கியின் வாயில் சாய்வாகக் கவ்வவைத்து எரிப்பார்கள். எரிய எரிய யாராவது மேலே தள்ளிவிட வேண்டும். அநேகமாக வீட்டுக் குழந்தைக்குத்தான் அந்த வேலை விழுந்திருக்கும். கில்பர்ட் வைட் என்ற பாதிரியார், 1789-இல் வெளிவந்த, செல்போர்ன் என்ற தம் ஊரைப் பற்றிய நூலில் இதைக் கணக்குப் போட்டே எழுதியிருக்கிறார்: இரண்டடி நாலரை அங்குல நீளமுள்ள ஒரு ரஷ் 57 நிமிடம் எரிந்ததாம். உலர்ந்த புல் ஒரு பவுண்டில் 1,600-க்கும் மேல் இருந்தனவாம். ஒரு ஃபார்திங் (கால் பென்னி) காசுக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம் என்பது அவர் கணக்கு. 1709 முதல் 1831 வரை பிரிட்டனில் மெழுகுவர்த்திக்கு வரி இருந்தது, வீட்டில் முக்கிய ரஷ் திரிக்கு வரி இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த இடுக்கி ஏன் குடிசைதோறும் இருந்தது என்பது விளங்கும்.

பழம்பொருள் சந்தையில் போலி மலிந்த சாமான்களில் இதுவும் ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். பழைய வேலிக் கம்பியில் புதிதாக அடித்து, புழு அரித்த மரக்கட்டையில் செருகி விற்றுவிடலாம். இடுக்கியின் வாயைப் பாருங்கள்: கவ்வும் பரப்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கிறதா? அச்சாணி தளர்ந்திருக்கிறதா? கட்டையின் துளையில் இரும்பு அசைந்து அசைந்து அகன்ற தடம் இருக்கிறதா? உங்கள் இரண்டில் உயரமானது மூன்றையும் பெறுகிறது. அதை மட்டும் வெளியே வையுங்கள். எரிக்க வேண்டாம், கொழுப்பு சொட்டும், நாறும். கணப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆழமான சன்னல் மேடை இருக்கிறதல்லவா, அங்கே தனியாக நிறுத்துங்கள். பகலில் வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது, எழுதுகோலால் இழுத்த ஒற்றைக் கோடு போல நிற்கும்.

சுருள்கம்பித் தாங்கியோடு ஒரு கதையும் சேர்த்து விற்றிருப்பார்கள்: பெண் பார்க்க வந்த பையன் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை அப்பா மெழுகுவர்த்தியைச் சுருளில் ஏற்றி இறக்கித் தீர்மானிப்பாராம். இனிமையான கதை. நான் நம்பவில்லை. மெழுகுவர்த்தி உருகிக் குறையும்போது அடியிலிருந்து திருகி மேலே ஏற்றிக் கடைசித் துண்டுவரை எரிப்பதற்குத்தான் அந்தச் சுருள். மெழுகின் விலை தெரிந்தவர்களுக்கு வேறு காரணம் தேவையில்லை. பிரான்சில் இதை ‘நிலவறை எலி’ என்பார்கள், மது வைக்கும் நிலவறைக்கு எடுத்துப் போன விளக்கு என்பதால். பக்கத்தில் இருக்கும் வளைந்த கொக்கி, பீப்பாயின் விளிம்பிலோ அலமாரி ஓரத்திலோ மாட்டுவதற்கு. ஆகவே மேசை நடுவில் வைக்காதீர்கள். உணவு மேசைக்குப் பக்கத்து அலமாரி விளிம்பில் அந்தக் கொக்கியாலேயே தொங்கவிடுங்கள்.

மிச்சத்தில் இரண்டு போதும். எங்கே வைப்பது என்பதைவிட எங்கே வைக்கக்கூடாது என்பது முக்கியம். தீ எரியும் கணப்புக்கு மேலே உள்ள உத்தரத்தில் மெழுகுவர்த்தி வைக்காதீர்கள். ஒரு கிறிஸ்துமஸ் இரவில் நான் ஆறு தேன்மெழுகு வர்த்திகளை அப்படி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது ஆறும் தலைகுனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. தேன்மெழுகு 62 பாகைக்கு மேல்தான் உருகும். ஆனால் வளைவதற்கு அதில் பாதிச் சூடே போதும். புகைபோக்கி இழுக்கும் காற்றோட்டத்தின் வழியிலும் வைக்காதீர்கள். சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெழுகு ஒரே ஓரத்தில் வழிந்து ஓடும். கண்ணுக்குச் சற்றுக் கீழே, வெள்ளைச் சுண்ணாம்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் வைத்தால் சுவரில் விழும் நிழல் இரும்பைவிட அழகாக இருக்கும். அந்த நேரத்தில் கூரை விளக்கை அணைத்துவிடுங்கள்.

பழைய குழிகளுக்கு இன்றைய மெழுகுவர்த்தி பொருந்தாது. கடையில் கிடைப்பது அடிப்பக்கம் 22 மி.மீ. அளவு, கொல்லர் அடித்த குழி அவர் கைக்கு வந்த அளவு. பெரிதாக இருந்தால் மெழுகுத் தாளை ஒரு நாடாவாக வெட்டி அடியில் சுற்றுங்கள். சிறிதாக இருந்தால் வர்த்தியின் அடியை வெந்நீரில் காட்டி, விரலால் உருட்டி ஒடுக்குங்கள். கத்தியால் சீவினால் பிளக்கும். குழிக்குப் பதில் முள் இருக்கும் தாங்கியில், சூடாக்கிய ஆணியால் முதலில் துளையிட்டுவிட்டுக் குத்துங்கள்.

இரும்பென்றால் கறுப்பு என்று நினைப்பதையும் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறேன். பழைய சமையற்கட்டுகளில் இரும்புச் சாமான்களை மணல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைப்பதுதான் நல்ல இல்லத்தரசிக்கு அடையாளம். கரிப்பூச்சு தடவிக் கறுப்பாக்கும் வழக்கம் விக்டோரியா காலத்தில்தான் வீட்டுக்கு வீடு பரவியது. காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் எர்னஸ்ட் கிம்சன் என்ற வடிவமைப்பாளர் வரைந்து, ஆல்ஃபிரட் பக்னல் என்ற கொல்லர் அடித்த விறகு தாங்கிகளையும் சுவர் விளக்குகளையும் செல்டன்ஹாம் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மெருகேற்றிய எஃகு வெள்ளி போல மின்னும். ஆகவே கடையில் விற்கும் பளபளப்புக் கறுப்பு பெயிண்டை மட்டும் தொடாதீர்கள். சுத்தியல் தந்த அலையையெல்லாம் அது பிளாஸ்டிக் தோல்போல மூடிவிடும். நெருப்பருகே வைத்தால் நாறும். துத்தநாகம் பூசிய புதுச்சாமானைத் தீக்குள் வைத்தால் அதன் புகை உடம்புக்குக் கெடுதல்.

துருவுக்கு என் வழி இது. மிக நுண்ணிய எஃகுப் பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, உதிரும் செந்துருவை மட்டும் எடுங்கள். அடியில் இருக்கும் கருநீலத் தோல் உலையிலிருந்து வந்தது, அதுதான் இரும்புக்குக் கவசம். மணல் ஊதிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தீயிலிருந்து தள்ளி இருக்கும் தாங்கிகளை, கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கி, தேன்மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து தடவித் துடையுங்கள். அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். காற்றோடு கலந்து தானே சூடேறித் தீப்பிடிக்கும். நான் பயின்ற பட்டறையில் ஒரு மதியம் குப்பைத்தொட்டி புகைந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துக் காயவையுங்கள். தீக்குள் இருக்கும் நாய்களுக்கும் தகட்டுக்கும் மெழுகு நிற்காது; அவற்றுக்குக் கணப்புக்கென விற்கும் கரிப்பசையை லேசாகத் தேய்த்தால் போதும், எண்ணெய் பூசியது போல் மின்ன வேண்டியதில்லை.

இரும்பைத் தின்பது குளிர்காலத் தீ அல்ல, கோடைதான். புகைபோக்கி வழியாக மழைத்துளி இறங்கும், கரி அமிலமாகும், சாம்பல் காற்றின் ஈரத்தைக் குடித்து நாய்களின் பாதத்தில் அட்டைபோல ஒட்டிக்கொள்ளும். ஏப்ரல் கடைசியில் சாம்பலை முழுக்க வாரி, பாதங்களைத் துடைத்து எண்ணெய் காட்டிவிடுங்கள்.

குத்துவிளக்கை மறந்துவிடவில்லை. தாராளமாகச் சேரும், ஒரே ஒரு நிபந்தனையோடு: அதைக் கணப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். கரி படிந்தால் வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும் என்பது ஒருபுறம். அதற்கென்று ஓர் இடமும் திசையும் உங்கள் வீட்டில் இருக்கும், அங்கேதான் அது நிற்க வேண்டும். கூடத்தின் எதிர்ச்சுவர்ப் பக்கம் வைத்தால், இரும்பு வெளிச்சத்தை விழுங்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது பித்தளை அதைத் திருப்பித் தருவது நன்றாகத் தெரியும். இரண்டும் ஒரே மேசையில் இருந்தால் பித்தளை ஜெயித்துவிடும், இரும்பை யாரும் பார்க்க மாட்டார்கள்.

உடைந்த பல் உள்ள அந்தக் கொக்கியைச் சரிசெய்ய யாரிடம் போவது என்ற கேள்விக்கு: கதவு, வேலி வெல்டிங் செய்பவரிடம் வேண்டாம். பிரிட்டிஷ் கலைக் கொல்லர் சங்கம் 1978 முதல் இயங்குகிறது; உங்களுக்கு அருகில் இருக்கும் கொல்லர்களை அதன் வழியாகத் தேடலாம். பழுதுபார்த்த இடம் தெரியாமல் மறைக்கச் சொல்லாதீர்கள், தறையாணியால் ஒரு புதுப்பல்லைச் சேர்க்கச் சொல்லுங்கள். பழங்காலத்துக் கொல்லரும் அதைத்தான் செய்திருப்பார். பெட்டியில் போட்ட போலி மூன்று கிளைக்குப் பதில் ஒரு சுவர்த்தாங்கி புதிதாக அடித்து வாங்கும் எண்ணம் இருந்தால், படம் எடுத்துக்கொண்டு போவதோடு நீங்கள் எரிக்கப்போகும் மெழுகுவர்த்தி ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். குழியை அதற்கு அடித்துக் கொடுப்பார்.